மார்கழியில் பிரித்த அம்பாசடர்: ஏற்காடு மலைப்பாதைக்காகச் செய்த ஷெட் வேலைகள்

வண்டி 1974 அம்பாசடர் மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்னால் நீள சீட். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வீடும் ஏற்காட்டில் கொஞ்சம் காபி, மிளகும் வைத்திருக்கும் நண்பர் ஒருவருடையது. அப்பா காலத்து வண்டி, விற்க மனசில்லை, ஆனால் சும்மா நிறுத்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கவும் அவருக்கு இஷ்டமில்லை. வாரம் ஒருமுறை தோட்டத்துக்கு அதில்தான் போகவேண்டும் என்பது அவர் ஆசை.

புகார் இரண்டு. ஏறும்போது பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கிறது. இறங்கும்போது அடிவாரம் நெருங்க நெருங்க பிரேக் பெடல் பொதபொதவென்று உள்ளே போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் முதல் புகாரைப் பத்து நிமிடம் விவரித்தவர் இரண்டாவதைப் போகிற போக்கில்தான் சொன்னார். "ரெண்டு மூணு வாட்டி மிதிச்சா பிடிச்சுக்குது" என்றார். குகைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அப்போது கூட இருந்தார், லாரியிலும் அம்பாசடரிலும் தொழில் படித்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏறலைன்னா வண்டி நின்னுரும் தம்பி. நிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

வேலையின் வரிசை அங்கேயே முடிவாகிவிட்டது.

ஏன் மார்கழி

பனி கொட்டும் நாடுகளில் ரோட்டில் உப்பைத் தூவுவார்கள், அந்த உப்பு பழைய வண்டியின் தகட்டைத் தின்றுவிடும், அதனால் நவம்பரில் ஷெட்டில் ஏற்றினால் மார்ச் வரை இறக்கமாட்டார்கள். அந்த மாதங்களில்தான் இன்ஜினை இறக்குவது, வயரிங் மாற்றுவது எல்லாம் நடக்கும். நமக்கு உப்பும் இல்லை பனிக்கட்டியும் இல்லை. ஆனாலும் சேலத்துக்காரனுக்கு அதே மாதங்கள்தான் தோதுப்படுகின்றன, காரணம்தான் வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் மலைப்பாதை நம்பமுடியாத இடம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு பாதையில் மண்சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை விட்ட பிறகும் காலையில் மூடுபனி. அந்தச் சமயம் காபிப் பழம் பறிக்கும் காலம் வேறு, எப்படியும் மூட்டை ஏற்ற பிக்கப் வண்டிதான் மேலே போய்வருகிறது, காருக்கு வேலையில்லை. இதே வேலையைச் சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் படுத்துச் செய்து பாருங்கள், ஸ்பானரைக் கையில் பிடிக்கமுடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. மே மாதம் கோடை விழாக் கூட்டம் வந்துவிட்டால் அந்தப் பாதையில் பழைய வண்டியைச் சோதித்துப் பார்ப்பது நமக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து. ஆக, மழை விட்டதும் பிரித்து, மாசிக்குள் பூட்டி, பங்குனியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். பெயின்ட் வேலை மட்டும் இதற்குள் சேராது. மார்கழி ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். பெயின்டுக்கு வெயில் ஏறட்டும்.

அவர் கொண்டுவந்த பட்டியல்

நண்பர் ஒரு பட்டியலோடுதான் வந்தார். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், பெரிய ரேடியேட்டர் அல்லது கூட ஒரு எலக்ட்ரிக் ஃபேன், பவர் ஸ்டீயரிங், முடிந்தால் ஏசி. யாரோ ஒருவர் இதையெல்லாம் விட்டுவிட்டு டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்.

என் கட்சி இது: பழைய வண்டியில் பாதி மாடிஃபிகேஷன், தேய்ந்துபோன ஒரிஜினல் பாகத்தின் மேல் பூசுகிற பூச்சு. கம்பெனி கொடுத்த நிலைக்கு முதலில் கொண்டுவந்து மலையில் விட்டுப் பார்ப்போம், அதற்குப் பிறகும் எது பற்றவில்லையோ அதை மட்டும் மாற்றுவோம். அதையும் நாளைக்கே கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுகிற மாதிரி, பாடியில் ஓட்டை போடாமல் செய்வோம். நண்பர் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

பிரேக்: நேரம் போனது இங்கேதான்

கொஞ்சம் கணக்கு போட்டால் விஷயத்தின் கனம் புரியும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஆட்களோடும் சாமானோடும் 1400 கிலோ வரும் ஒரு வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற சக்தி சுமார் 15 மெகாஜூல். ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற வெப்பம் அது. உருளும் தடையும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்கவேண்டும், அல்லது நான்கு சக்கரத்திலும் இருக்கும் இரும்பு பிரேக் டிரம்கள் வாங்கவேண்டும். நண்பரின் பழைய டிரைவர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிற ஆள். அப்படியென்றால் முழுச் சுமையும் டிரம்முக்கு.

சேலத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் பிரேக்கில் ஒரு குறையும் தெரியாது. ஐந்து ரோட்டு நெரிசலில் அருமையாக நிற்கும். அதனால்தான் இதற்கு முன் பார்த்த பட்டறைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பியிருக்கின்றன. இறங்கும்போது பெடல் அமுங்குகிறது, ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து மிதித்தால் கல் மாதிரி இருக்கிறது என்றால் சந்தேகம் முதலில் ஆயிலின் மேல்தான் போகவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற தரத்து ஆயில் என்றால் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்கவேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. டாட் 4க்கு இதே 230ம் 155ம். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்கவே சரியாகப் போய்விடும். ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடல் பழையபடி நிற்கும், தடயமே இருக்காது.

ஆயிலை வடிக்கிற பிளீடிங் நிப்பிளைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தபோது வந்தது கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம், அடியில் கறுப்பு மண்டி. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் வாஷர்கள் கரைந்த மண்டி அது. எத்தனை வருஷமாக மாற்றவில்லை என்று கேட்டதற்கு, குறைந்தால் ஊற்றுவோம் என்றுதான் பதில் வந்தது.

ஆனால் ஆயில் மட்டும் காரணமில்லை. டிரம்மைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். பழைய லைனிங்கில், அதாவது டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிக்கும் பட்டையில், நுரையீரலைக் கெடுக்கிற கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஏர் அடித்து ஊதுவது நம் ஊர் வழக்கம், அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போவது, ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது, இரண்டுமே தற்கொலைதான். சிமென்ட் கல் விரிசல் விடாமல் ஒரேயடியாக உடையும். ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர்கள் கனமான மரக்கட்டையாவது அடுக்குங்கள்.

டிரம்மைக் கழற்றினால், லைனிங் கனமாக, கிட்டத்தட்டப் புதுசாக இருக்கிறது. நண்பருக்கு ஒரே சந்தோஷம். மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் சாக்பீஸை எடுத்து லைனிங் முழுக்க வெள்ளையாகத் தேய்த்தார். டிரம்மை மாட்டி, என்னை லேசாக பெடலைத் தொடச் சொல்லி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினார். லைனிங்கைத் தாங்கும் வளைந்த ஷூவின் நட்டநடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. மேலும் கீழும் வெள்ளை அப்படியே இருக்கிறது. அதாவது அத்தனை நீள லைனிங்கில் வேலை செய்தது அந்த இரண்டு விரல் இடம் மட்டும்தான்.

காரணம் எளிது. முன்பு எங்கேயோ ஒரு லேத்தில் டிரம்மைக் கடைசல் பிடித்து உள்விட்டத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அதற்குமேல் ஸ்டாண்டர்ட் அளவு லைனிங்கை ஒட்டிவிட்டார்கள். பெரிய வட்டத்துக்குள் சின்ன வளைவு, நடுவில் மட்டும்தான் தொடும். நாளாக நாளாகத் தேய்ந்து உட்காரும் என்று சொல்லி அனுப்புவார்கள். உண்மைதான், ஊருக்குள் ஓடும் வண்டியில் உட்காரும். மலையில் அதற்குள் அந்த இரண்டு விரல் இடம் காய்ந்து கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிடும், பிறகு எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கும்.

இந்த ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. மாக்னசைட், ஜவ்வரிசி ஆலை, சங்ககிரி லாரி, திருச்செங்கோடு ரிக் என்று இத்தனை தொழிலும் லேத்தை நம்பி நடக்கிற பகுதி இது. மூன்று டிரம்களை மெலிதாக ஒரு சீவல் மட்டும் கடைந்து வட்டத்தைச் சரிசெய்தார்கள். நான்காவது ஏற்கெனவே எல்லை மீறித் தேய்ந்திருந்தது, அதற்கு மாற்று. அப்புறம் கனமான ஓவர்சைஸ் லைனிங்கை ரிவெட் அடித்து, ஒவ்வொரு டிரம்மின் அளவுக்கும் அந்தந்த ஷூவை வளைவு பிடித்து அரைத்து, நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். மறுபடி சாக்பீஸ் வைத்துப் பார்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் அழிந்தது.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று. வலது பின்சக்கரத்துச் சிலிண்டர் துரு பிடித்து அசையவே இல்லை, அந்தச் சக்கரம் எத்தனை நாளாக பிரேக் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததோ தெரியாது. ஆறுக்கும் ரப்பர் கிட், தேவைப்பட்டதற்குப் புதுச் சிலிண்டர், பெடல் அமுக்குகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு, லைன் முழுதும் கழுவி டாட் 4 நிரப்பி ஏர் எடுத்தாயிற்று. ரப்பர் ஹோஸ் விஷயத்தில் வெளியே வெடிப்பு இல்லை என்பதை நம்பாதீர்கள். உள்சுவர் வீங்கி அடைத்துக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்து வைக்கிற ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும்.

இந்த வண்டியில் பிரேக் ஆயிலுக்கு ஒரே சர்க்யூட்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வேலை செய்யும் டாண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடலாம் என்பது என் வாதம். வீல் சிலிண்டர் அளவுக்கு ஒத்துவராத மாஸ்டரைப் போட்டால் பெடல் கனமும் இறக்கமும் மாறிப்போகும், அளவு பார்த்து வாங்கும்வரை பொறுங்கள் என்று அண்ணன் தள்ளிவைத்தார். அதற்குப் பதில் ஹேண்ட் பிரேக் கேபிளையும் லீவரையும் முழுசாகச் சரிசெய்தார், ஏனென்றால் ஆயில் போனால் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். டாண்டம் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

டிஸ்க் பிரேக் பேச்சு இதோடு அடங்கிவிட்டது. டிஸ்க் நல்லதுதான், வெப்பத்தை விடுவதில் டிரம்மால் அதனோடு போட்டி போடமுடியாது, பின்னாளில் வந்த அம்பாசடர்களிலேயே முன்னால் டிஸ்க் உண்டு. ஆனால் முன்னால் மட்டும் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு சக்கரம் பிடிக்காமல் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கொதித்தது ரேடியேட்டர், குற்றவாளி வேறு

ஏறும்போது கொதிக்கிறது என்றதும் எல்லோர் கையும் ரேடியேட்டரை நோக்கித்தான் நீளும். அதிலும் தப்பு இல்லாமல் இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றியதில் உள்ளே சுண்ணாம்பு படிந்து கோரின் குழாய்களில் பல அடைத்திருந்தன. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்க்கைச் சால்டர் பிரித்து, ராடு விட்டுக் குத்தி எடுத்தார்கள். இன்ஜின் பிளாக்கிலும் பின்பக்கம் சேறு மாதிரி கட்டியிருந்ததைப் பக்கவாட்டு மூடிகளைத் தட்டி எடுத்துக் கழுவினோம். கழுவக் கழுவச் செங்காவித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

மூடியையும் பாருங்கள். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டு உயரத்தில் 95லேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கிற அழுத்தம்தான் அந்தக் கொதிநிலையைத் தூக்கி வைக்கிறது, 7 பவுண்டு (பிஎஸ்ஐ) அழுத்தத்து மூடி என்றால் பத்துப் பன்னிரண்டு டிகிரி. இந்த வண்டி மூடியின் ரப்பர் செத்துப்போய்ச் சும்மா ஒரு தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. இதற்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதற்காக 15 பவுண்டு மூடியைத் தேடிப் போடாதீர்கள், பழைய கோரும் ஹோஸும் அதைத் தாங்காது.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் இருக்கும் இடம் காலி. நம் ஊரில் கொதிக்கிற வண்டிக்கு முதல் வைத்தியமே அதைக் கழற்றி எறிவதுதான். எறிந்தால் மார்கழிக் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், சோக்கை இழுத்து வைத்தே ஓட்டவேண்டிவரும், பெட்ரோல் ஆயிலில் இறங்கும். புதுசு வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டினோம். தண்ணீரோடு கூலன்ட், அதுவும் டிஸ்டில்டு தண்ணீர்.

இத்தனையும் செய்து கன்னங்குறிச்சிப் பக்கம் ஓட்டிப் பார்த்தால் ஊசி நிதானமாக நின்றது. சரி முடிந்தது என்று நண்பர் நினைத்தார். ஆனால் சாதா மேட்டில் ஏற்றும்போதே இன்ஜினில் ஒரு சோர்வு இருந்தது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிற அளவுக்கு இழுப்பு கூடவில்லை. ஸ்பார்க் எப்போது விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டை இன்ஜின் புல்லிக் குறியில் பிடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஐட்லிங்கில் குறி சரியான இடத்தில் நிற்கிறது. ரெய்ஸ் கொடுத்தால் குறி நகர்ந்து முன்னுக்குப் போகவேண்டும். போகவில்லை, அதே இடத்தில் அசையாமல் நிற்கிறது.

ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், ஸ்பார்க்கைத் தூண்டுகிற பாயின்ட் தட்டுக்கு அடியில் இரண்டு சின்ன எடைகள் இருக்கும். வேகம் கூடக்கூட அவை விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும். இந்த வண்டியில் காய்ந்த கிரீஸும் துருவும் சேர்ந்து அவற்றை ஒட்டிப்போட்டிருந்தன. ஸ்பார்க் பிந்தி விழுந்தால் எரிகிற வாயு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்துவிடும், தள்ளவேண்டிய சக்தியெல்லாம் வெப்பமாகப் போய் ஹெட்டையும் தண்ணீரையும் காய்ச்சும். மேட்டில் இழுப்பு இல்லை என்று டிரைவர் இன்னும் மிதிப்பான், இன்னும் காயும். பெரிய ரேடியேட்டர் போட்டிருந்தால் இந்த நோயோடேயே வண்டி ஓடியிருக்கும், பெட்ரோல் மட்டும் குடித்துக்கொண்டு.

எடைகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, முனைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் இரண்டையும் மாற்றி, பாயின்ட் இடைவெளியை 0.35க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைத்து மாட்டியாயிற்று. நண்பர் எலக்ட்ரானிக் இக்னிஷன் கேட்டார். கெட்டதில்லை, மூடிக்குள் மறைந்துவிடும், பாயின்ட் தேய்மானமும் இல்லை. ஆனால் எடைகள் ஒட்டிக்கிடந்தால் எலக்ட்ரானிக்கும் பிந்தித்தான் ஸ்பார்க் கொடுக்கும். அதோடு மலைப்பாதையில் இரவு நின்றுபோனால் பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். பாயின்ட்டே இருக்கட்டும் என்று விட்டோம்.

விளக்கு

மூடுபனியில் கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது விளக்கு மங்கி மஞ்சளாகிறது. டைனமோ வண்டியின் இயல்பு அது, இன்ஜின் சுற்று குறைந்தால் கரண்ட் வராது, பேட்டரிதான் கொடுக்கவேண்டும். வெளிச்சம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் குறையும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சோதனை. மீட்டரை வைத்ததில் பேட்டரி முனையில் 12.6 வோல்ட், பல்பின் முனையில் 10.4. இடையில் போனது இரண்டு வோல்ட்டுக்கு மேல், பழைய சுவிட்ச், காலால் மிதிக்கும் டிப்பர், துருப்பிடித்த எர்த் எல்லாவற்றிலுமாக. இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மடமடவென்று விழும். இந்த அளவுக்கு விழுந்தால் கிடைப்பது ஏறக்குறைய பாதி. எல்இடி போடு என்று எல்லோரும் சொல்வது இந்தப் பாதி வெளிச்சத்தைப் பார்த்துத்தான். அம்பாசடர் ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காக வளைத்தது, அதில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருகிறவன் கண்ணிலும் மூடுபனியிலும் சிதறும்.

சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே இரண்டு போட்டோம். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராகக் கனமான வயர், பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தூண்டுவதற்கு மட்டும். இரண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது ஆம்பியர் போல ஓடும், அது இப்போது டாஷ்போர்டுக்குள் போவதில்லை. எர்த்தையும் தகடு தெரியச் சுரண்டிப் புதிதாக முறுக்கினோம். கண்ணுக்குத் தெரியாது, எந்த ஓட்டையும் போடவில்லை. இந்த மார்கழி வேலைகளில் செலவுக்கு மிஞ்சிய பலன் கொடுத்தது இதுதான் என்பேன்.

அதன்பிறகும் வளைவில் பேட்டரி இறங்குவது இறங்கத்தான் செய்யும் என்பதால் லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் ஒன்றை, லேத்தில் பிராக்கெட் அடித்து மாட்டினோம். செய்கிறவர்கள் முதலில் உங்கள் வண்டியில் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருந்ததுண்டு, அப்படியே ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடு அந்த நொடியே எரிந்துவிடும். டைனமோவுக்குப் போட்ட பழைய மெல்லிய வயரும் போதாது. டைனமோவையும் அதன் கட்டவுட் பெட்டியையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஷெட்டில் வைத்தாயிற்று.

பெட்ரோல்

1974இல் வந்த வண்டிக்கு இன்றைய பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் போன பெட்ரோலுக்கு மாறியபோது வால்வ் சீட் தேயும் என்று பயந்தார்கள், இப்போதைய கவலை ரப்பர். பழைய ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர்கள் எல்லாம் எத்தனாலில் வீங்கும், பிறகு உதிரும். டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம். வாங்கும்போது ஹோஸ் மேல் ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டியின் டேங்க்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். நாங்கள் வேலை தொடங்கும் முன்பே வடித்துவிட்டோம், ஷெட்டுக்கு வெளியே, திறந்த வெளியில்.

ஒரு சுவாரசியம். எத்தனாலில் எரிசக்தி குறைவு, ஆக்ஸிஜன் கூட, அதனால் கார்பரேட்டர் வண்டிக்கு இந்தப் பெட்ரோல், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை மெலிதாக்குகிறது. மலையேறினால் காற்று அடர்த்தி குறைந்து கலவை கெட்டியாகிறது. ஏற்காட்டு உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் மேலே போய் நின்றுகொண்டு ஸ்க்ரூவைத் திருகி இன்ஜின் அருமையாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டு, அப்படியே சேலத்து வெயிலுக்கு இறக்காதீர்கள். ட்யூனிங் கீழேதான்.

செய்யாமல் விட்டவை

டீசல் இன்ஜின் யோசனை சட்டத்திலேயே இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இன்ஜினை மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

இன்னொன்று விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு விஏ எழுத்தோடு தனிப் பதிவு எண் உண்டு, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இந்த வண்டிக்கு வயது தகுதி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. வாரா வாரம் தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது சரிவராது. சாதாரண ஆர்சியைப் புதுப்பித்தபடியே இருக்கட்டும் என்று முடிவு. ஆனால் நாளைக்கு மனம் மாறினால் வழி அடைபடக்கூடாது, அதனால்தான் பழையதைத் திரும்ப மாட்டுகிற மாதிரியே எல்லாம் செய்தோம்.

அலாய் வீல் வேண்டாம் என்றதற்கு நண்பருக்கு இன்றும் வருத்தம். பவர் ஸ்டீயரிங் கேட்டவர், டயரில் காற்றைச் சரியாக அடித்து ஸ்டீயரிங் மூட்டுகளுக்குக் கிரீஸ் வைத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சீட் பெல்ட் மட்டும் நாங்களாகச் சேர்த்தது. தளத்தின் அடியில் கனமான தகடு கொடுத்துப் போல்ட் போட்டோம், வெறும் தகட்டில் முறுக்கினால் விபத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஓட்டை போடமாட்டோம் என்று வைத்த விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

மலையில் சோதனை

ஒரேயடியாக உச்சிக்குப் போகவில்லை. வார நாளில், காலை பனி விலகிய பிறகு முதலில் சில வளைவுகள் மட்டும் ஏறித் திரும்பினோம். இறங்கி வந்து நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தோம். எவ்வளவு சூடு என்பதைவிட இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. முன் இடது மட்டும் தனித்து ஏறியிருந்தது, அட்ஜஸ்டர் ஒரு பல் இறுக்கம். தளர்த்திவிட்டு மறுபடி ஏறினோம்.

முழுப் பாதையும் போனபோது நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் தாண்டியும் ஊசி ஏறி ஓரிடத்தில் நின்றுகொண்டது, அதற்குமேல் போகவில்லை. இழுப்பில் தெரிந்த வித்தியாசம் நண்பர் எதிர்பார்க்காதது, முன்பு முதல் கியருக்குத் தவித்த வளைவுகளில் இரண்டாவதிலேயே திரும்பியது. இந்த வண்டியில் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சின்க்ரோ கிடையாது, ஓடும்போது போட்டால் கரகரக்கும், அதனால் இது சின்ன விஷயமில்லை.

இறங்கும்போது ஸ்டீயரிங் அண்ணன் கையில். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரி வழக்கம். வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விட்டுவிடுவார், காலை மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரமாட்டார். அடிவாரத்தில் நிறுத்தி நண்பரை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். பெடல் மேலேயே நின்றது. "இனிமே நியூட்ரல்ல இறக்குற ஆளுக்குச் சாவியே குடுக்காதீங்க தம்பி" என்பதுதான் அவர் கொடுத்த ரசீது.

குறை இல்லாமல் இல்லை. பின் ஆக்சிலில் ஒரு ஆயில் சீல் லேசாகக் கசிகிறது, அந்த ஆயில் பிரேக் லைனிங்குக்குப் போவதற்குள் மாற்றியாக வேண்டும், அடுத்த மார்கழி வரை தாங்காது. பின் ஸ்பிரிங் கட்டின் புஷ்கள் செத்துப்போய்க் குழியில் சத்தம் போடுகின்றன. டாண்டம் மாஸ்டருக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறேன். டிரைவர் பக்கக் கதவு ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, காலடித் தகடு துருப்பிடித்த இடத்தில் டிங்கர் ஒட்டுப்போட்டிருக்கிறார், அதற்கு மேல் பெயின்ட் அடிக்கும் வேலை சித்திரை வெயிலுக்குக் காத்திருக்கிறது.